முதுகைக் கேட்டுச் சொல்கிறேன்

என் முதுகு முதன்முதலாகப் பிடித்துக்கொண்டது நான் காலுறை போடும்போதுதான். வேலைக்குப் போகிற அவசரம். கட்டில் ஓரத்தில் இருந்தபடி இடது காலைத் தூக்கி, குனிந்து, காலுறையின் வாயை விரித்தேன். இடுப்புக்குச் சற்று மேலே யாரோ ஆணியை வைத்து ஒரே அடியில் இறக்கியதுபோல இருந்தது. நிமிரவும் முடியவில்லை, மேலும் குனியவும் முடியவில்லை. மனைவி அறைக்குள் வந்தபோது காலுறை என் கால்விரல்களில் பாதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. சொக்ஸ் போடுறன்."

"எப்ப போட்டு முடிப்பியள்?"

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. வலி போகவேயில்லை என்று சொல்ல முடியாது. போகும், வரும். எப்போது போகும், எப்போது வரும் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நான் ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பராமரிப்பாளன். இறங்கிப்போன கதவைத் தூக்கிப் பொருத்துவது, அடைத்த குழாயைத் திறப்பது, குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளுவது என்று ஓடியாடுகிற வேலை. இப்படிப்பட்ட வேலைக்காரன் ஏணியிலிருந்து விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்டால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. காலுறையில் அது இல்லை. "எப்பிடி வந்தது?" என்று கேட்டவர்களிடம் ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் என் காலைப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சிரிப்பை அடக்கினார்கள். ஆகவே கதை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. காலுறை ஒரு பெட்டியாயிற்று. பெட்டி ஓர் அலுமாரியாயிற்று. ஒரு கலியாண வீட்டில், பள்ளிக்கூடத்துப் பியானோவை நான் தனியே நகர்த்தியதைப் பற்றி ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பியானோவோ?" என்றாள்.

"சின்னப் பியானோ," என்றேன்.

அதற்குப் பிறகு மறுபடியும் காலுறைக்கே திரும்பிவிட்டேன்.

என் மனைவியின் அண்ணன் ஒஸ்லோவிலேயே எல்லிங்ஸ்ருட் என்கிற பகுதியில் இருக்கிறான். எனக்கு மச்சான், ஒரே வயது என்பதால் வா போ என்றுதான் கதைப்போம். அவனுக்கும் முதுகு வருத்தம் வந்தது, ஆனால் எனக்கு வந்ததுபோல அல்ல. அவனுடையது முறையான வருத்தம். எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது. படம் இருந்தது. அந்தப் படத்தைத் தொலைபேசியில் வைத்திருந்தான். சாப்பாட்டு மேசையில் அதை விரித்துப் பெரிதாக்கி, "இந்தா பார், இதுதான்," என்று விரலால் தொடுவான். கறுப்பு வெள்ளையில் எதுவோ எதையோ முட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். பிறகு சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு சுகமாயிற்று. அவனுடைய கதைக்குத் தொடக்கம் இருந்தது, நடு இருந்தது, முடிவு இருந்தது. எனக்கு ஒரு காலுறை மட்டும் இருந்தது.

அதனால் எனக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நாள் கிடைத்தபோது நான் அடைந்த சந்தோஷத்தை வெளியில் சொல்ல முடியாது. அன்று முகம் மழித்து, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் குழாய்க்குள் படுத்தபடி, இயந்திரம் இடிக்கிற சத்தத்துக்கு நடுவே, உள்ளே எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக வேண்டாம். மச்சானுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும்.

என் குடும்ப வைத்தியர் ஓர் இளம் பெண். நோர்வீஜிய மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அவர் திரையைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"நல்ல செய்தி. உன் வயதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது."

"ஒன்றுமே இல்லையா?"

"கவலைப்படும்படியாக ஒன்றுமில்லை."

"இன்னொரு தடவை பார்க்க முடியுமா? கீழ்ப்பக்கம், இடது கைப்பக்கம்."

அவர் பொறுமையாக இன்னொரு தடவை பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. வலி உண்மையானது என்றும், படத்தில் தெரியாத வலி நிறையப் பேருக்கு உண்டு என்றும், நரம்புகள் சிலவேளை காரணம் போன பிறகும் கத்திக்கொண்டே இருக்கும் என்றும் சொன்னார். எப்போது நிற்கும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது," என்றார். அவ்வளவு படித்தவர் அவ்வளவு சுலபமாக அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாததை எனக்கே சொல்வதற்கு ஒரு வைத்தியர் எதற்கு என்று ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

"அப்பாடா," என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். ஸ்கேனில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று அவள் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். அதாவது ஒரே வீட்டிலிருந்து ஒரே முதுகைப் பற்றி இரண்டு எதிரெதிரான வேண்டுதல்கள் போயிருக்கின்றன. யாருடையது எடுபடும் என்பதில் கடவுளுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை நேர்த்தியை நிறைவேற்றப் போனோம். கார் கோயில் வாசலுக்கு வந்து நின்றது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு கால் நோர்வே நிலத்திலும் ஒரு கால் காருக்குள்ளும் இருக்க, நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மனைவி உள்ளே போய், என் முதுகில் ஒன்றும் இல்லாததற்காகத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். "என்ன, உள்ளுக்கை வரேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். "வந்துகொண்டிருக்கிறன்," என்றேன். அவர் பூசை முடிந்து திரும்பி வரும்போதும் நான் வந்துகொண்டிருந்தேன்.

வைத்தியருக்குத் தெரியாததை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று கொஞ்சக் காலம் ஆராய்ச்சியில் இறங்கினேன். குளிர்தான் காரணம் என்று முதலில் முடிவுகட்டினேன். ஜூலை மாத வெயிலில் கடற்கரையில் துவாயை விரிக்கும்போது பிடித்தது. மெத்தைதான் என்று நினைத்துக் கொஞ்சநாள் நிலத்தில் படுத்தேன். நிலத்திலும் பிடித்தது, கூடவே தும்மலும் தடிமனும் வந்தன. வாய்வு என்று ஊரிலிருந்து தொலைபேசியில் தீர்ப்பு வந்தது. உருளைக்கிழங்கையும் பருப்பையும் விட்டேன். ஒரு மாதம் வலியே வரவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லி முடித்த கிழமை, உருளைக்கிழங்கைக் கண்ணாலும் காணாமல் ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தேன். கடைசியாக எல்லிங்ஸ்ருட்டுக்குப் போய்வந்தால்தான் கூடுகிறது என்று கண்டுபிடித்தேன்.

"உம்மடை அண்ணா வீட்டை போய்வந்தாத்தான் எனக்கு நோ கூடுது," என்று மனைவியிடம் சொன்னேன்.

"அந்த வருத்தத்துக்குப் பேர் வேறை," என்றாள்.

நோவைக்கூடத் தாங்கலாம். பிள்ளை வளர்த்தவர்களுக்கும் பனி தள்ளியவர்களுக்கும் அது புதிதல்ல. என்னைச் சிறியவனாக்கியது, நாளைக்கு எப்படி இருப்பேன் என்று தெரியாததுதான். காலையில் கண்ணைத் திறக்க முன்னமே கட்டிலில் படுத்தபடி பரீட்சை தொடங்கிவிடும். முதலில் கால்விரல். பிறகு முழங்கால். பிறகு மிக மெதுவாக இடுப்பு. இந்த ஊரில் எந்த மணிக்கு எத்தனை துளி மழை பெய்யும் என்றுகூட முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். என் இடுப்பில் அன்று வெயிலா புயலா என்று சொல்ல ஆளில்லை. ஒரு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னால், "வாறம்" என்று மனைவி சொல்வாள், நான் "முதுகைக் கேட்டுச் சொல்லுறன்" என்பேன். முதலில் அது பகிடியாகத்தான் இருந்தது. பிறகு பகிடி தேய்ந்து, கேட்பவர்கள் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு கேட்பதே குறைந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நல்ல நாளில்தான் நான் வெளியே போவேன். நல்ல நாளில்தான் எல்லோரும் என்னைக் காண்பார்கள். கெட்ட நாளில் நான் கூடத்தில் கம்பளத்தின்மேல் மல்லாந்து கிடப்பதை என் வீட்டுக் கூரை மட்டும்தான் கண்டது. ஆகவே ஊருக்குத் தெரிந்த நான் எப்போதும் நன்றாக நடந்து திரிகிற, ஆனால் வேலைக்குப் பாதி நாள் மட்டும் போகிற ஒரு மனிதன். வைத்தியர் என் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார். எங்கள் வீட்டுக்குக் கிட்ட, ரொம்சோஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் என்னைக் காண்கிறவர்கள், "இப்ப சுகம்போலை," என்பார்கள். அதை நான் மறுத்தால் பொய்க்காரன், ஒத்துக்கொண்டாலும் பொய்க்காரன். அதனால் லேசாக நொண்டத் தொடங்கினேன். வலி இல்லாத நாளில், மரியாதைக்காக. ஒருநாள் எந்தக் காலால் நொண்டுவது என்பது மறந்துபோய், போகும்போது இடதிலும் வரும்போது வலதிலுமாக நொண்டியதை மகள் கண்டுவிட்டாள்.

"அப்பா, இது சரியான பின்லி," என்றாள். மானம் போகிற காரியத்துக்கு அவள் பாவிக்கிற நோர்வீஜியச் சொல் அது. அவளுக்குப் பதினாறு வயது. அந்தச் சொல்லை அவள் பெரும்பாலும் எனக்காகவே வைத்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு வசந்தகாலத்தில் டுக்னாட் வந்தது.

எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வருடத்தில் ஒருநாள் ஒன்றாக இறங்கி முற்றத்தைத் துப்புரவாக்குவதற்குத்தான் டுக்னாட் என்று பெயர். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சல்லிக்கல் முழுவதும் பனி கரைந்ததும் புல்லிலும் பாதையிலும் கிடக்கும். அதைக் கூட்டி அள்ள வேண்டும். போன வருட இலைகளை வார வேண்டும். பிறகு சொசேஜ் சுட்டுக் கோப்பி குடிப்பார்கள். சம்பளம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. ஆனால் யார் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதுகு கெட முதல் நான் டுக்னாட்டின் நட்சத்திரம். தொழில்முறை ஆள், சுத்தியல் விறாண்டி என்று சொந்த ஆயுதங்கள். ஆகவே அந்த வருடமும், எங்கள் கட்டடக் குழுவின் தலைவி படிக்கட்டில் கண்டு கேட்டபோது, வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"முற்றத்தில் உட்காருகிற வாங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். பலகை மாற்றி, பெயின்ட் அடித்துத் தருகிறேன். சல்லிக்கல்லையும் என்னிடம் விடு."

அவள் டிராம் ஓட்டுகிறவள். எங்களுக்கு இரண்டு மாடி கீழே, தரைத்தளத்தில், தனியாக இருக்கிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அளந்து கதைக்கிறவள். "நல்லது," என்றாள். அன்று எனக்கு நல்ல நாள். நல்ல நாளில் நான் கெட்ட நாளை நம்புவதில்லை.

டுக்னாட் சனிக்கிழமை வந்தது. கண்ணைத் திறக்காமல் கால்விரலை அசைத்தேன். அதற்குமேல் பரீட்சை தேவைப்படவில்லை. மனைவி என்னை உருட்டிக் கட்டிலிலிருந்து இறக்கினாள். மகளையும் கூட்டிக்கொண்டு அவள் கீழே போனாள். நான் கூடத்தில் கம்பளத்தில் கிடந்தேன். யன்னல் திறந்திருந்தது. கீழே விளக்குமாறுகளின் சத்தம் கேட்டது. முதல் அரை மணித்தியாலம் பேசாமல்தான் கிடந்தேன். ஆனால் அவர்கள் சல்லிக்கல்லைப் பிழையாகக் கூட்டுகிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. காற்றுக்கு எதிராகக் கூட்டினார்கள். தாங்க முடியவில்லை. சுவரைப் பிடித்து, கதிரையைப் பிடித்து, மெதுவாகப் பலகணிக்குப் போனேன். மனைவி ஊற்றி வைத்த தேநீர் மேசையில் இருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்போல இருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டேன்.

கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தேன். கீழே இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். யாரோ ஒருவர் கை காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கை காட்டினேன். முழுக் கட்டடமும் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் மாடியில் தேநீர்க் கோப்பையோடு, வெள்ளப் பாதிப்பைப் பார்வையிட வந்த அமைச்சர் மாதிரி நின்றேன். தலைவி கை காட்டவில்லை. அவள் பாதி உடைந்த வாங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குனிந்து அள்ளத் தொடங்கினாள்.

அடுத்தநாள் ஞாயிறு. கண் விழித்தேன். விரல், முழங்கால், இடுப்பு. ஒன்றுமில்லை. முதல்நாள் இரண்டாக மடித்துப் போட்ட முதுகு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நேராக இருந்தது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு ஆத்திரம் வந்தது. நேற்றைக்கு இல்லாமல் இன்றைக்கா? மனைவியும் மகளும் காலைத் தூக்கத்தில் இருந்தார்கள். நான் உடுத்திக்கொண்டு நிலவறைக்குப் போய், இலை வாரும் விறாண்டியையும் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியையும் எடுத்து வந்தேன். முற்றத்தின் பின்பாதியை முதல்நாள் யாரும் தொடவில்லை. அதை முழுவதும் தனியாகச் செய்து முடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு விடயங்களை யோசிக்கவில்லை. ஒன்று, நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. துளைபோடும் இயந்திரத்தை எடுத்தால் முழுக் கட்டடமும் வந்து நிற்கும். தள்ளுவண்டியின் சில்லு எண்ணெய் காணாத சில்லு. அது ஒவ்வொரு சுற்றுக்கும் கீச்சிட்டது. மற்றது, முதல்நாள் ஏலாமல் கிடந்ததாகச் சொன்ன மனிதன் மறுநாள் காலையில் சல்லிக்கல்லை மலைபோல ஏற்றித் தள்ளுவதைப் பார்க்க எத்தனை யன்னல்கள் இருக்கின்றன என்பது.

தரைத்தளத்து யன்னல் திறந்தது. தலைவி தலையை நீட்டினாள். இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறாள் என்பது தலைமயிரைப் பார்க்கத் தெரிந்தது.

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை," என்றாள்.

"தெரியும். மன்னிக்கவேண்டும்."

"நேற்று உனக்குச் சுகமில்லை என்று உன் மனைவி சொன்னாள்."

"ஆம்."

"இன்றைக்கு?"

"இன்றைக்குச் சுகம்."

"அப்படியா," என்று யன்னலைச் சாத்தினாள்.

அந்த 'அப்படியா' என் காதிலேயே நின்றது. அங்கேயே வண்டியை விட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். மூளை உள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். நான் இன்னும் வேகமாக வாரினேன். நான் சோம்பேறி இல்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும். எவ்வளவுக்குக் காட்டுகிறேனோ அவ்வளவுக்கு நேற்று நடித்தேன் என்றாகும் என்பது அந்த வேகத்தில் விளங்கவில்லை. கடைசி வண்டியைக் கவிழ்க்கக் குனிந்தபோது ஆணி இறங்கியது. வண்டி ஒரு பக்கம் விழுந்தது, நான் மறுபக்கம் விழுந்தேன். ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்தேன். மேலே ஏப்ரல் மாத வானம் நல்ல நீலமாக இருந்தது.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. செருப்போடு யாரோ சல்லிக்கல்லில் நடந்து வந்தார்கள். இரவுடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு தலைவி நின்றாள்.

"அம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"வேண்டாம். இது வழமையாக வருவது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"தெரியாது."

அவள் சுற்றிப் பார்த்தாள். வாங்கின் உடையாத பக்கத்தில் கவனமாக உட்கார்ந்தாள். என்னைவிட்டுப் போகவும் அவளுக்கு மனமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கோட்டின் பொத்தான்களைப் பூட்டியபடி சொன்னாள்:

"நேற்று எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ வேலைக்கு ஒளிக்கிறாய் என்று நினைத்தேன். இன்று காலையில் இன்னும் கூடக் கோபம் வந்தது."

நான் புல்லில் கிடந்தபடி அதைக் கேட்டேன். விசித்திரமாக, மனது லேசானது. எத்தனையோ பேர் என்னிடம் அன்பாகக் கதைத்திருக்கிறார்கள், "கவனமாய் இருங்கோ" என்றிருக்கிறார்கள்; அந்த அன்புக்குப் பின்னால் இதே சந்தேகம் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். நேராக முகத்துக்குச் சொன்னவள் இவள்தான். சொல்லப்பட்டதற்குப் பதில் சொல்லலாம்.

"எனக்கும் சிலநேரம் அந்தச் சந்தேகம் வருகிறது," என்றேன். "படத்தில் ஒன்றுமில்லை. நேற்று எழும்ப முடியவில்லை. இன்று காலையில் ஓடலாம் போலிருந்தது. இப்போது இப்படி. நாளைக்கு என்னவென்று கேட்டால் எனக்குத் தெரியாது. உனக்கு வாக்குக் கொடுத்தபோதும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

"டிராம் ஓட்டுகிற எனக்கு அது விளங்குவது கஷ்டம்," என்றாள். "எனக்கு எல்லாம் நிமிடக் கணக்கு." பிறகு கேட்டாள்: "சரி, எந்த நாள் என்று தெரியாவிட்டாலும் செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. பதில் வாயில் வரமுதல் மனைவி வந்துவிட்டாள். பலகணியிலிருந்து கண்டிருக்கிறாள்.

"இஞ்சை என்ன படுத்துக்கிடக்கிறியள்?"

"கதைச்சுக்கொண்டிருக்கிறம்."

"படுத்துக்கொண்டோ?"

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை எழுப்பினார்கள். பின்னால் மகள் கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தினாள். அவள் அன்று பின்லி என்று சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

சில நாள் கழித்துத் தலைவி படிக்கட்டில் மறித்தாள். "வாங்கு உன்னுடையது," என்றாள். "திகதி கிடையாது. பனி விழமுதல் முடிந்தால் போதும். முடியாவிட்டால் அடுத்த வருடம்."

அப்படி ஒரு வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. மே மாதத்தில் ஒருநாள் இரண்டு பலகைகளைக் கழற்றினேன். பிறகு மூன்று கிழமை அவை சுவரில் சாய்ந்து கிடந்தன. ஒரு நல்ல நாளில் புதுப் பலகை பொருத்தினேன். இன்னொரு நல்ல நாளில் ஒரு பக்கத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். முழுவதையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று கை துடித்தது. தலைவி அந்த வழியாக வேலைக்குப் போனாள். "போதும்," என்றாள். எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் தூரிகையைக் கழுவினேன். அடுத்தநாள் எழும்ப முடிந்தது. அதற்காகத்தான் முடிந்தது என்று சொல்லமாட்டேன்; உருளைக்கிழங்கில் பட்ட பாடு போதும்.

கோடை முழுவதும் அந்த வாங்கு பாதி பச்சையும் பாதி சாம்பலுமாக முற்றத்தின் நடுவில் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் தலைவி, "அது நடந்துகொண்டிருக்கிறது," என்றாளாம்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை மச்சான் வந்தான். நான் கீழே இரண்டாவது பக்கத்துக்கு உரக்கடதாசி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், வாங்குக்கும் ஒப்பரேஷனோ?"

"ஓம். உன்ரை மாதிரி ஒரே நாளிலை முடியிற கேஸ் இல்லை."

அவன் சிரித்துவிட்டு, காய்ந்த பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்த விதத்தை நான் கவனித்தேன். கையை ஊன்றி, மூச்சை நிறுத்தி, மெதுவாக. அது எனக்குத் தெரிந்த உட்காரல். என்னைப்போல ஆயிரம் தரம் பழகியவன்தான் அப்படி உட்காருவான்.

"என்னடா?" என்றேன்.

அவன் மேலே எங்கள் பலகணியைப் பார்த்தான். அங்கே யாருமில்லை.

"கொஞ்ச நாளாத் திரும்ப உளையுது. போய்ப் படம் எடுத்தனான். தட்டெல்லாம் வடிவாய் இருக்காம். ஒண்டுமில்லையாம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை," என்றான்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். வா மச்சான், படமில்லாதவர்கள் பக்கத்துக்கு வா என்று மனது துள்ளியது. துள்ளி முடிந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். பெட்டி, அலுமாரி, பியானோ என்று நான் கதை வளர்த்த காலத்து என் முகம் அது.

"எப்ப கூட?" என்று கேட்டேன்.

"அதுதானே தெரியேல்லை."

"காலமையோ?"

"சில நேரம் காலமை. சில நேரம் ஒண்டுமில்லை. நேற்று ஊசிபோட்ட மாதிரி, இண்டைக்குச் சும்மா."

அன்று இருட்டும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அவனுக்குக் குத்துகிற நோ, எனக்கு ஆணி. அவனுக்கு வலது பக்கம், எனக்கு இடது. உருளைக்கிழங்கை விடலாமோ என்று கேட்டான். விட்டுப் பார் என்றேன். ஒரு மாதத்துக்கு நம்பிக்கையாக இருக்கும். அதைக் கெடுக்க நான் யார்?

வாங்கின் இரண்டாவது பக்கம் செப்டெம்பரில் முடிந்தது. இரண்டு பச்சையும் ஒன்றாக இல்லை, நடுவில் முதல் பெயின்ட் முடிந்து வேறு வாளி வாங்க வேண்டியிருந்தது. குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதில் உட்காருகிறவர்களும் அவர்கள்தான்.

வலி இருக்கிறது. வேலைக்கு இப்போதும் பாதி நாள்தான். நொண்டுவதை விட்டுவிட்டேன்; உண்மையில் நொண்டும்போது மட்டும் நொண்டுகிறேன். யாராவது சாப்பிட வரச் சொன்னால், "வரப் பாக்கிறம். ஏலாட்டி அண்டைக்குக் காலமை சொல்லுவன்," என்கிறேன். சிலர் அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார்கள்.

இந்த வருட டுக்னாட் அன்று எனக்கு நல்ல நாளுமில்லை, கெட்ட நாளுமில்லை. சொசேஜ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, இடுக்கியைக் கையில் தந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் புரட்டினேன். மற்றவர்கள் காற்றுக்கு எதிராகத்தான் கூட்டினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு இடுப்பில் லேசாக எதுவோ தொடங்கியது. வருகிறதா, சும்மா வெருட்டுகிறதா என்று தெரியவில்லை.

"நான் மேலே போய்ப் படுக்கப்போகிறேன்," என்று தலைவியிடம் சொன்னேன்.

"சரி," என்று அவள் இடுக்கியை வாங்கி, கருகத் தொடங்கிய ஒரு சொசேஜை மற்றப் பக்கம் புரட்டினாள்.